ஙாண்டி என்றால் அம்மா: யிர்க்கலாவில் ஐந்து நாள்

நாள் 1, ஞாயிறு

வட ஆஸ்திரேலியாவின் டார்வினிலிருந்து கிழக்கே ஒன்றேகால் மணி நேரப் பறப்பு. ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காடு, வளைந்து நெளிந்து போகும் ஆறு, மறுபடியும் காடு. இறங்கும் நேரத்தில் மட்டும் தரை செக்கச்செவேலென்று மாறியது. பாக்சைட், அதாவது அலுமினியத் தாதுச் சுரங்கம். நுலன்பய் என்ற இந்த ஊரே அந்தச் சுரங்கத்துக்காக 1970களின் தொடக்கத்தில் உருவானதுதான். இங்கிருந்து இருபது கிலோமீட்டருக்குள் யிர்க்கலா. வடகிழக்கு ஆர்னம் நிலத்தின் யோல்ங்கு என்ற பூர்வகுடி மக்களுடைய ஊர்.

ஏன் வந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டார்வினில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பது வருடமாகக் கணக்குச் சொல்லித் தருகிறேன். ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் நான்கு பேர் பூர்வகுடிப் பிள்ளைகள். என் வகுப்பில் இந்த வருடம் ஒரு பையன். பதின்மூன்று வயது. இந்தப் பக்கத்துக் கடலோரச் சிற்றூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறான். அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. முதல் இரண்டு பருவமும் அவன் என்னிடம் பேசியது மொத்தமாகப் பத்து வார்த்தை இருக்கும். கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். முன்னேற்ற அறிக்கையில் 'வகுப்பில் பங்கெடுப்பதில்லை' என்று எழுதினேன். எழுதும்போதே என்னவோ உறுத்தியது. ஆனாலும் எழுதினேன்.

எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு ஆசிரியர்களை யிர்க்கலா பள்ளிக்கு ஐந்து நாள் அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன்.

மாலையில் கடற்கரை வரை நடந்தோம். தண்ணீர் அவ்வளவு நீலம். யாரும் கால்கூட நனைக்கவில்லை. முதலை எச்சரிக்கைப் பலகை வரிசையாக நிற்கிறது. முதலைக்கு இங்கே 'பாரு' என்று பெயர். குமாட்ஜ் என்ற குலத்தாருக்கு அது மூதாதை.

நாள் 2, திங்கள்

காலை எட்டு மணிக்குப் பள்ளி. சுவரெல்லாம் இரண்டு மொழியில் எழுத்து. யோல்ங்கு மாதா என்பது ஒரு மொழியின் பெயர் இல்லை, நெருங்கிய உறவுள்ள பல குல மொழிகளுக்குப் பொதுப் பெயர். சின்னப் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பொது வழக்குக்கு துவாயா என்று பெயர். எழுதப் படிக்கத் தொடங்குவது அதில்தான். ஆங்கிலம் முதலில் வாய்ப்பேச்சாக வரும், எழுத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். வயது ஏற ஏற, அவரவர் குல மொழியைப் பெரியவர்களிடம் கற்றுக்கொள்கிறார்கள்.

வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள், ஒருவர் யோல்ங்கு. முதல் வகுப்புப் பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க, அந்த யோல்ங்கு ஆசிரியை பலகையில் ஒரு எழுத்தை எழுதினார். ஆங்கில 'n' எழுத்துக்கு வால் முளைத்த மாதிரி ஒரு வடிவம். பிள்ளைகள் சேர்ந்து சொன்னார்கள்: "ங".

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நம் அரிச்சுவடியில் ங-வில் தொடங்கும் சொல்லைத் தேடித் தேடிப் பார்த்த நினைவு எல்லோருக்கும் இருக்கும். இங்கே அது சர்வ சாதாரணம். அம்மாவே ங-வில்தான் தொடங்குகிறாள்: ஙாண்டி. ட, ண, ள மூன்றும் நாக்கை மடித்து நாம் சொல்வது போலவே வருகின்றன. ஒற்றை ர-வாக எழுதுவதை அவர்கள் உச்சரிப்பது ஏறக்குறைய நம் ழ. என்னோடு வந்த சக ஆசிரியை திணறிய சொற்களை நான் முதல் தடவையிலேயே சொன்னதும் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு சிறுமி எழுந்து வந்து என் வாயருகே முகத்தை வைத்து, "மறுபடி சொல்லு" என்று சைகை காட்டினாள். சொன்னேன். "மஞ்மக்" என்றாள். நல்லது என்று அர்த்தம். இந்த ஐந்து நாளில் நான் அதிகம் கேட்கப்போகும் சொல் அதுதான்.

இடைவேளையில் பள்ளியின் நூல் தயாரிப்புக் கூடத்தைக் காட்டினார்கள். பல வருடமாக உள்ளூர்ப் பெரியவர்கள் சொன்ன கதைகளை எழுதி, வரைந்து, இங்கேயே அச்சிட்ட புத்தகங்கள் அலமாரி நிறைய. நண்டு பிடிப்பது, சேனை மாதிரிக் கிழங்கு தோண்டுவது, பாட்டியோடு கடற்கரைக்குப் போவது. ஒரு குழந்தை முதல் முதலாகப் படிக்கும் புத்தகத்தில் அதன் வீடு இருக்கிறது. எனக்கு அந்த அலமாரிக்கு முன்னாலிருந்து நகர மனம் வரவில்லை.

இந்த ஏற்பாடு சும்மா கிடைக்கவில்லை. வட பிரதேசத்தில் இருமொழிக் கல்வி 1973இல் பிரதமர் விட்லம் அரசின் காலத்தில் தொடங்கியது. பின்னால் வந்த அரசுகள் பல தடவை அதன் கழுத்தை நெரிக்கப் பார்த்தன. 2008இல், தினமும் முதல் நான்கு மணி நேரம் ஆங்கிலத்தில் மட்டுமே பாடம் நடக்க வேண்டும் என்று பிரதேச அரசு உத்தரவு போட்டது. காலை நேரத்தில்தான் பிள்ளை தெளிவாக இருக்கும் என்பது எந்த ஆசிரியருக்கும் தெரியும். தாய்மொழியைத் தூக்கக் கலக்கத்து மதியத்துக்குத் தள்ளிவிட்டால் அது மெல்லச் செத்துப்போகும். யிர்க்கலா விட்டுக் கொடுக்கவில்லை. 2020இல் இந்தப் பள்ளியின் எட்டு மாணவர்கள் பல்கலைக்கழக நுழைவு மதிப்பெண்ணோடு பன்னிரண்டாம் வகுப்பை முடித்தார்கள். இந்த ஊரில் அது முதல் தடவை. தாய்மொழி பிள்ளையைப் பின்னுக்கு இழுக்கும் என்று இன்னும் சொல்பவர்களிடம் அந்த எட்டுப் பேரைக் காட்டலாம்.

நாள் 3, செவ்வாய்

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது. எழுதக் கஷ்டமாகவும் இருக்கிறது.

காலையில் கணக்கு வகுப்பு. 1980களின் கடைசியிலிருந்து இங்கே கார்மா கணக்கு என்று ஒரு பாடத்திட்டத்தை யோல்ங்கு பெரியவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து வளர்த்தார்கள். எண்களை ஒரு பக்கம் வைத்து, மறுபக்கம் குர்ருடுவை வைக்கிறார்கள். குர்ருடு என்றால் உறவுமுறை. கூட்டல் கழித்தல் போலவே அதுவும் விதிப்படி நடக்கும் ஒரு ஒழுங்கு. இங்கே மனிதர், மரம், மீன், காற்று எல்லாமே துவா, யிரிட்ஜா என்ற இரண்டு பாதிகளில் ஒன்றைச் சேர்ந்தவை. பிள்ளை அப்பாவின் பாதி, அம்மா எப்போதும் எதிர்ப் பாதி. கல்யாணமும் எதிர்ப் பாதியில்தான். அம்மாவின் அம்மா மாழி. அவளுக்குப் பேரன் பேத்தி குதாரா. சில தலைமுறை தாண்டினால் அதே சொற்கள் சுற்றித் திரும்பி வருகின்றன. தொடருக்கு முடிவே கிடையாது.

ஆசிரியை தரையில் குச்சியால் வரைந்து காட்டிக்கொண்டிருந்தார். அம்மாவின் தங்கையும் ஙாண்டிதான். அப்பாவின் அண்ணன் தம்பி எல்லோரும் பாபா, அதாவது அப்பா. ஆனால் அம்மாவின் தம்பிக்கு வேறு சொல், ஙபிபி. அப்பாவின் தங்கைக்கு வேறு சொல், முகுல் பாபா. சக ஆசிரியை குறிப்பேட்டில் அம்புக்குறி போட்டுப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அம்புக்குறியே தேவைப்படவில்லை. சின்னம்மா அம்மாதான், பெரியப்பா அப்பாதான், மாமாவும் அத்தையும் வேறு கரை. "எங்கள் ஊரிலும் இப்படித்தான்" என்றேன். ஆசிரியை குச்சியை நிறுத்தி என்னை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். பிறகு மண்ணில் கொஞ்சம் இடம் விட்டு, குச்சியை என்னிடம் நீட்டினார். மாமா, அத்தை, முறைப்பெண் என்று நம் குடும்பத்தை ஆர்னம் நிலத்து மண்ணில் வரைந்தேன். பதினைந்து பிள்ளைகள் குனிந்து பார்த்தார்கள். அதற்கப்புறம் அவர் என்னை 'யபா' என்று கூப்பிட ஆரம்பித்தார். அக்கா, தங்கை இரண்டுக்கும் அதுதான் சொல். நானும் அவரை அப்படியே கூப்பிட்டேன்.

மதியம் மரத்தடியில் உட்கார்ந்து என் மாணவனைப் பற்றிச் சொன்னேன். தனியாக இருக்கிறானே என்று, இதே பகுதியிலிருந்து வந்த ஒரு பெண்ணைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தேன், அப்படியும் பேசவில்லை என்றேன். யபா அந்தப் பெண்ணின் குலம் என்ன என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் விரல்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர், "அவள் அவனுக்குச் சகோதரி முறை" என்றார்.

யோல்ங்கு மக்களிடம் வளர்ந்த அண்ணன் தங்கை நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒருவர் முன்னால் மற்றவரைத் திட்டினால் அது பெரிய அவமானம். இதில் வெறுப்பு ஏதுமில்லை, மரியாதைதான். புருஷன் பெயரை வாயால் சொல்லாத பாட்டிகள் மடியில் வளர்ந்த எனக்கு இது புரியாமல் இருக்க நியாயம் இல்லை. ஆனால் நான் கேட்கவே இல்லையே. ஆறு மாதம் அவனை அவளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டு பேரும் ஜோடியாகக் கணக்குப் போடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். தப்பாகப் போட்டால் அவள் காதில் விழும்படியே திருத்தியிருக்கிறேன். அவன் தலை குனியாமல் என்ன செய்வான்?

யபா இன்னொன்றும் கேட்டார்: "காது பார்த்தீர்களா?" அதுவும் இல்லை. தொலைதூரக் கிராமங்களில் பூர்வகுடிக் குழந்தைகளுக்கு நடுக்காதில் சீழ் பிடிப்பது மிக அதிகம். சீழ் வடியும் காது ஒரு சமூகத்தில் 4 சதவீதக் குழந்தைகளுக்கு மேல் இருந்தாலே அது பெரும் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இங்குள்ள பல கிராமங்கள் அந்த அளவை எப்போதோ தாண்டிவிட்டன. பிறந்து சில மாதத்திலேயே தொடங்கி, வந்து வந்து போய், கேட்கும் திறனைக் குறைத்துவிடுகிறது. அதனால்தான் இங்கே வகுப்பறையில் ஆசிரியர் குரலைப் பெரிதாக்கும் ஒலிபெருக்கி இருக்கிறது. நான் அதை ஏதோ விழாவுக்கு மாட்டியது என்று நினைத்திருந்தேன்.

பங்கெடுப்பதில்லை என்று எழுதினேன் அல்லவா. அந்தப் பையன் வீட்டில் குறைந்தது இரண்டு குல மொழி பேசுகிறவன். நான்காவதோ ஐந்தாவதோ வரும் ஒரு மொழியில், பாதி காதோடு, பேசக் கூடாத உறவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, விகிதமுறு எண்களைக் கற்றுக்கொண்டிருந்திருக்கிறான். அறிக்கையைத் திருத்தி எழுத முடியுமா என்று தலைமை ஆசிரியருக்கு இன்று இரவே மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன்.

நாள் 4, புதன்

காலையில் புக்கு-லார்ங்காய் முல்கா கலைக்கூடம். சூரியனின் முதல் கதிர் முகத்தில் படும் உணர்வைக் குறிக்கும் பெயர் அது. ஆஸ்திரேலியாவின் கிழக்கு முகம் ஒன்றில் நிற்கும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. உள்ளே யிர்க்கலா தேவாலயப் பலகைகள். 1962, 63இல் வரைந்தவை, ஆளுயரத்துக்கு இரு மடங்கு. துவாக்காரர்கள் ஒன்று, யிரிட்ஜாக்காரர்கள் ஒன்று. மெதடிஸ்டு மிஷன் 1935இல் இங்கே வந்தது. தேவாலயம் கட்டியபோது, எங்கள் சட்டமும் இங்கே இருக்கட்டும் என்று பெரியவர்கள் இவற்றைப் பீடத்தின் இரு பக்கமும் வைத்தார்கள். பிறகு யாரோ இவற்றைத் தூக்கி வெளியே போட, கலைக்கூடத்தார் மீட்டெடுத்துப் பாதுகாத்தார்கள். நான் படம் எடுக்கவில்லை. குமாட்ஜ் குலத்தின் வைர வடிவக் கட்டங்களை மட்டும் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நெருப்பு. முதலையின் முதுகும் அதுதான்.

அதே 1963இல்தான், இவர்கள் நிலத்தில் 300 சதுர கிலோமீட்டருக்கு மேல் எடுத்துச் சுரங்கத்துக்குக் கொடுக்க அரசு முடிவு செய்தது. யாரும் இவர்களைக் கேட்கவில்லை. மரப்பட்டையில் குலச் சித்திரங்கள் வரைந்து, நடுவில் குமாட்ஜ் மொழியிலும் ஆங்கிலத்திலும் மனு ஒட்டி, கான்பெரா நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். ஆகஸ்டு 14 அன்று அது சபையில் வைக்கப்பட்டது. சுரங்கம் நிற்கவில்லை. 1971இல் வழக்கும் தோற்றது. ஆனால் அந்தத் தோல்வியின் சூட்டில்தான் 1976இல் வட பிரதேச நில உரிமைச் சட்டம் பிறந்தது. பள்ளிப் பிள்ளைகள் இதைப் பாடமாகப் படிக்கிறார்கள். மனுவில் கையெழுத்திட்டவர்களின் பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள் அந்த வகுப்பில் இருக்கிறார்கள்.

இந்தப் பள்ளியின் முதல்வராக 1990இல் பொறுப்பேற்றவர் எம். யூனுபிங்கு. யோத்து யிந்தி இசைக்குழுவின் பாடகர் என்றால் பலருக்குத் தெரியும். 1992இல் ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியராகத் தேர்வானவர், 2013இல் காலமானார். இறந்தவரின் முதல் பெயரைச் சொல்லாமல் விடுவது இங்குள்ள மரியாதை. அதனால் நானும் முதலெழுத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். கல்வியைப் பற்றிப் பேசும்போது அவர் எடுத்துக்காட்டியது கன்மா. கடல் நீர் உள்ளே வரும், ஆற்று நீர் வெளியே வரும், இரண்டும் சந்திக்கும் இடத்தில் நுரை எழும். ஒன்று மற்றொன்றை விழுங்காது. கலையும் பாடமும் சட்டமும் அப்படிச் சந்திக்க வேண்டும் என்று இங்குள்ள ஆசிரியர்கள் சொல்லிச் சொல்லி உழைத்திருக்கிறார்கள்.

மதியம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வுர்வுர்வுய் என்ற இடத்துக்குப் போனோம். தரையில் கற்களை அடுக்கி வரைந்த படங்கள்: பாய்மரக் கப்பல், வீடு, அடுப்பு வரிசை. இன்றைய இந்தோனேசியாவின் மக்காசரிலிருந்து கடல் அட்டை பிடிக்க வந்தவர்களின் நினைவாக யோல்ங்கு மக்கள் அடுக்கியவை. 1907 வாக்கில் அரசு அனுமதி மறுத்து நிறுத்தும் வரை, அவர்கள் ஆண்டுதோறும் பருவக்காற்றோடு வந்து போனார்கள். அவர்கள் கொண்டுவந்த புளியமரம் இந்தக் கடற்கரையில் பல இடங்களில் இன்னும் நிற்கிறது. அவர்கள் விட்டுப்போன சொற்களும் நிற்கின்றன. பணத்துக்கு யோல்ங்கு மாதாவில் 'ருபியா'. காசு என்ற அர்த்தத்தில் ஒரு பையன் அதைச் சொன்னதும் எனக்கு ஒரு நிமிடம் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே வெளி உலகத்தோடு வியாபாரம் செய்தவர்கள் இவர்கள். 'உலகத் தொடர்பில்லாத மக்கள்' என்று எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்!

நாள் 5, வியாழன்

காலையில் வனக்காவலர்களோடு மேல் வகுப்புப் பிள்ளைகள் கடற்கரைக்குப் போனார்கள். நிலத்தில் கற்றல் என்று இந்தத் திட்டத்துக்குப் பெயர். தண்ணீர் மாதிரி எடுத்து உப்பு அளந்தார்கள், கரை ஒதுங்கிய மீன்வலைத் துண்டுகளை எடை போட்டுப் பதிந்தார்கள். ஒரு பெரியவர் கூடவே நடந்து இடங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார். அறிவியல் பாடத்துக்கு மதிப்பெண்ணும் உண்டு. சரி, இதைப் பற்றி இவ்வளவு போதும், ஏனென்றால் மதியம் நடந்ததைத்தான் எழுத வேண்டும்.

என் மாணவனின் மாழி, அவன் அம்மாவின் அம்மா, யிர்க்கலாவில் இருக்கிறார் என்று யபா கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார். அழைத்துப் போனார். வீட்டு முற்றத்தில் நிழலில், தாழை ஓலையைக் கீறிக் காயவைத்துக்கொண்டிருந்தார் பாட்டி. கூடை முடைவதற்கு. சாயம் போடக் கிழங்கு ஒரு தகரத்தில் கொதித்துக்கொண்டிருந்தது, மஞ்சள் நிறம். யபா வரும்போதே சொல்லிவிட்டார், கேள்வி கேட்காதே, உட்கார்ந்திரு என்று. உட்கார்ந்தேன். பாட்டி முள்ளை நகத்தால் கிள்ளி, ஓலையை நடுவில் பிளந்து, ஒரே இழுப்பில் உரித்தார். இன்னொன்று. இன்னொன்று. ஒரு கட்டத்தில் எனக்கும் ஒன்றைக் கொடுத்தார். மூன்று ஓலை கிழிந்த பிறகு நான்காவது சரியாக வந்தது. அரை மணி நேரம் இருக்கும், ஒரு வார்த்தை இல்லை. கேட்டுக் கேட்டுப் பதில் வாங்குவதைத்தான் நான் இத்தனை வருடம் பாடம் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் அவராகவே பேசினார். யபா மொழிபெயர்த்தார். பையன் சாப்பிடுகிறானா? விடுதியில் மீன் போடுகிறார்களா? ராத்திரி யார் கூடப் படுக்கிறான்? தனி அறை என்று சொன்னேன். பாட்டிக்கு அது பிடிக்கவில்லை. தனியாகப் படுத்தால் பிள்ளை பயப்படுவான், சின்ன வயதிலிருந்து அவன் யாராவது பக்கத்தில் இருந்தால்தான் தூங்குவான் என்றார். அவனுடைய மொழி பேசும் மூத்த பையன் ஒருவன் அதே விடுதியில் இருக்கிறான், இரண்டு பேரையும் ஒரே அறையில் போடச் சொல்லிக் கேட்கிறேன் என்றேன். பாட்டி அந்தப் பையன் யார், யார் வீட்டுப் பிள்ளை, என்ன முறை என்று விசாரித்தார். பிறகு தலையாட்டினார். சரியான உறவு.

என் நோட்டில் வேலைப் பட்டியல் இப்போது இப்படி இருக்கிறது: இருக்கை மாற்றம், காது பரிசோதனை, அறை மாற்றம். வகுப்பில் யார் யாருக்கு என்ன உறவு என்று குடும்பங்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் பள்ளியில் யோல்ங்கு உதவி ஆசிரியர் ஒருவரை நியமிக்க முடியுமா என்றும் கேட்க வேண்டும். இந்தக் கடைசி ஒன்றை விடப்போவதில்லை.

கிளம்பும்போது பாட்டி என் போனைக் காட்டி ஏதோ சொன்னார். பேசிப் பதிவு செய்யலாமா என்று கேட்கிறார் என்றார் யபா. பதிவை ஓட விட்டுப் போனை அவர் கையில் கொடுத்தேன். முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, அவன் எதிரே உட்கார்ந்திருக்கிற மாதிரியே பேசினார். இடையில் ஒரு தடவை சிரித்தார். யபா மொழிபெயர்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

விமானத்துக்குக் காத்திருக்கிறேன். பதிவு இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. பாட்டி முன்னால் உட்கார்ந்திருந்தபோது என் காதுக்குப் பிடிபட்டது மூன்று சொல்தான்: ஙாண்டி, கபு, மஞ்மக். அம்மா, தண்ணீர், நல்லது. மீதி அவனுக்கு. திங்கட்கிழமை முதல் பீரியடுக்கு மணி அடிப்பதற்கு முன்னால் அவனிடம் போனைக் கொடுத்துவிட்டு, நான் வெளியே நிற்க வேண்டும்.